பெயர் சொன்னதும் நாணியவன்

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பற்றி மனதாரச் சொல்ல வேண்டுமென்றால், "நெஞ்சுல ஈரமுள்ள ஆளுங்க" என்பார்கள். அதற்கு மேலான சான்றிதழ் இங்கே கிடையாது. சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரிக் காடுகள் நிறைய. ஆடிப்பட்டத்தில் கடலைக்கொட்டை போடுவதற்கு முன் மண்ணை விரலால் நோண்டி, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலே நனைந்து அடியில் காய்ந்து கிடக்கிற மண்ணை நம்பி யாரும் விதையைக் கொட்டமாட்டார்கள். மனிதரையும் அப்படி நோண்டிப் பார்த்த பிறகே அந்தச் சொல் வாயில் வரும்.

இன்னும் இருக்கின்றன. இளகின மனசு, பச்ச மனசு, ஒத்தாசையான ஆளு, மகராசி. நாலு வீட்டில் பாத்திரம் விளக்குகிற அம்மாளையும் மகராசி என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். பசித்து வந்தவருக்கு ஒரு கை சோறு போட்டிருந்தால் போதும்.

சேந்தமங்கலத்தில் ஒரு தனியார் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் விசிலை வாயில் வைத்துவிட்டார்; ஊதவில்லை. தூரத்தில் தலையில் பலாப்பழக் கூடையோடு ஒரு பாட்டி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். நடத்துநர் இறங்கிப் போய்க் கூடையை வாங்கி, பின்சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தார். பாட்டி நின்றபடியே சுருக்குப்பையை அவிழ்க்க, "மொதல்ல உக்காருங்காயா, காசு எங்க போயிருது" என்றார். "நல்லா இரு சாமி" என்று பாட்டி உட்கார்ந்தார். பேருந்து கிளம்ப இரண்டு நிமிடம் தாமதம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அந்த நடத்துநர் கையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கண் போக வேண்டிய இடத்துக்குப் போனது. இதற்கு வள்ளுவர் வைத்த பெயர் கண்ணோட்டம். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பார்வைக்கோணம் என்ற பொருளில் செலவழித்துவிட்டோம். குறளில் அது 58-வது அதிகாரம். அன்புடைமை, ஒப்புரவு, ஈகை, அருளுடைமை எல்லாம் அறத்துப்பாலில் இருக்க, கண்ணோட்டத்தை மட்டும் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்கிற பகுதியில் வைத்தார். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதிகாரம் கையில் இருக்கிறவனிடம் முதலில் வறண்டு போவது இதுதான். தாலுகா அலுவலகத்து மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவருக்கும், விசில் வைத்திருக்கிற நடத்துநருக்கும் அவரவர் அளவில் ஒரு ராஜ்யம் உண்டு. அங்கே எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறவரைத்தான் நாம் ஆயுசுக்கும் மறப்பதில்லை.

இந்த ஈரம் கல்லிலும் உண்டு. பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்தது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது அந்தக் கால வழக்கம். சுமையை இறக்கி வைக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவர் தயவு வேண்டியதில்லை. தோள் உயரத்துக்கே கல் இருக்கும். வைத்த குடும்பத்தின் துக்கம் மாத்திரம் அதற்குள் இருக்கிறது. பல கற்களில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

இப்போது ஊர் முக்கில் கட்டுகிற ஃப்ளெக்ஸ்களில் வாரத்துக்கு ஒரு வள்ளல் பிறக்கிறார். கொடைவள்ளல், கருணைக்கடல், வாழும் பாரி. பாரியைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி நம் கொல்லிமலைக்காரன். இன்னொருவனான அதியமானும் பக்கத்துத் தகடூர்தான்.

ஓரியின் வில்லைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பு துளைத்துக்கொண்டு போனதாக வன்பரணர் பாடிய புறநானூற்று 152-வது பாட்டு. அதே பாட்டின் பின்பாதி எனக்கு இன்னும் பிடிக்கும். காட்டில் எதிர்ப்பட்ட அந்த வேட்டைக்காரன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் இசை கூட்டிப் பாடுகிறது. இருபத்தொரு துறையும் பாடி முடித்து, அரசே என்ற பொருளில் கோவே என்று விளித்ததும், அது தன் பெயர் என்பதால் அவன் நாணிப்போகிறான். வேட்டையில் கிடைத்த இறைச்சியை வேகவைத்து, நெய் போன்ற மதுவோடு தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அங்கேயே அள்ளிக் கொடுக்கிறான். நான் இன்னான் என்று கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொல்லிமலைமேல் செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு எடுக்கிற வல்வில் ஓரி விழாவுக்குச் சமவெளிச் சனம் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கும். அடுத்த ஆடியில் அங்கே மைக் பிடிக்கிறவர் ஐந்து விலங்கைத் துளைத்த அம்போடு நிறுத்தாமல், அவன் நாணிய இடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.