மெபலின் யார் கணக்கில்?

ராக் அண்ட் ரோலுக்கு ராஜா எல்விஸ் என்கிறார்கள். மகுடம் சூட்டியது யார் என்று கேட்பதில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. பாட்டைக் கேட்டாலும், வரவு யார் பேரில் ஏறியது என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. சக் பெர்ரியின் பேரேட்டைப் புரட்டுவோம்.

செயின்ட் லூயிஸ் கறுப்பர். கார் ஆலையில் வேலை, பிறகு முடி அலங்காரத் தொழில் என்று பிழைத்தவர். 1955-இல் சிகாகோவின் செஸ் கம்பெனியில் 'மெபலின்' பதிவானது. வெள்ளையரின் நாட்டுப்பாட்டு மெட்டை எடுத்துக் கறுப்பரின் தாளத்தில் அடித்தார். பாட்டு ஓகோன்னு ஓடியது. ஆனால் எழுதியவர்கள் என்று மூன்று பெயர்! பாட்டை ரேடியோவில் ஓயாமல் போட்ட ஆலன் ஃப்ரீட் ஒருவர், ரஸ் ஃபிராட்டோ இன்னொருவர். ரெண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. முழு உரிமை திரும்ப 1986 ஆனது.

1958-இல் 'ஜானி பி. குட்'. நாயகனைக் கறுப்பன் என்று சொன்னால் ரேடியோவில் போடமாட்டான் என்று அந்தச் சொல்லை அவரே மாற்றினார். 1977-இல் அந்தப் பாட்டு வாயேஜரில் விண்வெளிக்கே போனது. நிறம் மட்டும் போகவில்லை.

1963-இல் பீச் பாய்ஸ் அவர் மெட்டில் 'சர்ஃபின் யுஎஸ்ஏ' பாடியபோது பெர்ரி சிறையில் இருந்தார். முதல் விசாரணையில் நீதிபதி இனவெறியோடு பேசினார் என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் தண்டனை பெற்றார். நீதிபதியின் வெறி உண்மை. வழக்கின் மையத்தில் இருந்தவள் பதினாலு வயசு அப்பாச்சிப் பழங்குடிச் சிறுமி என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைக்கிற விடுதலை நமக்கு வேண்டாம்.

பின்னாளில் ரொக்கத்தை எண்ணி வாங்காமல் மேடை ஏறமாட்டார். பேராசை என்றார்கள். ஏமாந்தவனுக்குத்தான் ரொக்கத்தின் அருமை தெரியும். ஆனால் அதே ரொக்கம் 1979-இல் வரி ஏய்ப்பு வழக்காகி மறுபடி சிறைக்கு அனுப்பியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்பத்தில் தன் குழுவில் பெர்ரியைச் சேர்த்துக்கொண்டவர் பியானோக்காரர் ஜானி ஜான்சன். அவரும் கறுப்பர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் தனக்கும் பங்குண்டு என்று 2000-இல் பெர்ரி மீதே வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2002-இல் நீதிமன்றம் தள்ளியது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பே இல்லை.

2017-இல், தொண்ணூறு வயதில் பெர்ரி இறந்தார். உலகமே ஜாம்பவான் என்றது. தோழர்களே, ஜாம்பவான் பட்டம் செத்த பிறகு இலவசமாகக் கிடைக்கும். உயிரோடு இருக்கையில் பேரும் கூலியும் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் பேரையும் சேர்த்து எழுதுங்கள்.