கேட்டா பதில் சொல்லணும் தோழர்!

"தமிழ்நாட்டுல மட்டும் எதுக்கு 69 சதவீதம்? இது நியாயமா?" ப்ளஸ் டூ முடிச்ச ஒரு தம்பி குடும்ப குரூப்ல கேக்குறான்.

நம்மாளுங்க பதில் என்ன? ஒரு மீம். ரெண்டு சிரிப்பு ஸ்டிக்கர். "போய் வரலாறு படி." கடைசியா அவனுக்கு ஒரு முத்திரை.

முடிஞ்சுது. பதில் இல்லாமத்தான் திட்டுறாங்கன்னு அவன் முடிவு பண்ணிடுவான். அவன்கிட்ட பொறுமையா உட்கார்ந்து பொய் சொல்ல எதிர்முகாம்ல ஆள் ரெடி.

தோழர்களே, பயோவுல 'சமூகநீதி'ன்னு போட்டா மட்டும் போதாது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியணும்.

சொல்லுங்க: 1951ல சண்பகம் துரைராஜன் வழக்குல உச்சநீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையை ரத்து செஞ்சது. தமிழ்நாடு கொந்தளிச்சது. அதே வருஷம் அரசியலமைப்புல முதல் திருத்தம், 15(4) வந்தது. 1992ல இந்திரா சஹானி தீர்ப்பு 50 சதவீத வரம்பு போட்டது. 1993ல நம்ம சட்டமன்றம் தனிச் சட்டம் நிறைவேத்துச்சு. 1994ல 76வது திருத்தம் மூலமா அது 9வது அட்டவணைக்குப் போச்சு.

"மீதி 31தான் எங்களுக்கா?"ன்னு கேப்பான். அது எந்தச் சாதிக்கும் ஒதுக்குனது இல்ல, எல்லாருக்குமான பொதுப்போட்டின்னு சொல்லுங்க.

"50ஐத் தாண்டலாமா?"ன்னு கேட்டா, முதல்ல உங்க நியாயத்தைச் சொல்லுங்க. அப்புறம் திருப்பிக் கேளுங்க: 2019ல பொருளாதார அடிப்படையில 10 சதவீதம் வந்தப்போ மத்திய அரசு ஒதுக்கீடே 59.5 ஆச்சே, அப்போ அந்த 50 எங்க போச்சு? பதில் சொல்ற கடமை அந்தப் பக்கமும் உண்டு.

"வசதியான பி.சி. குடும்பத்துக்கு எதுக்கு?" இது கஷ்டமான கேள்வி. மழுப்பாதீங்க. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் இல்ல, அதிகாரத்துல பங்குன்னு விளக்குங்க. அவன் ஒத்துக்காம போகலாம். பரவாயில்ல, காரணம் கேட்டுட்டுப் போறான்.

தெரியாத கேள்வியா? "பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லுங்க. நாளைக்கு மறக்காம சொல்லுங்க.

திட்டுறதுக்குன்னே வர்ற ஃபேக் ஐடிக்கு நேரம் வேண்டாம். ஆனா வம்பு இழுக்குறவன் வேற, கேள்வி கேக்குறவன் வேற.

1943ல கம்பராமாயணம் பத்தி அண்ணா வாதாடுனது யார்கூட? ரா.பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார். ரெண்டு பேரும் தமிழ்ல கரை கண்டவங்க. மேடையில நேருக்கு நேர், மக்கள் முன்னாடி. யாரையும் பிளாக் பண்ணிட்டு ஓடல.

இந்த வாரம் மீம் கொஞ்சம் கம்மி பண்ணுவோம். ஆளுக்கு ஒரு கேள்விக்காவது முழுசா பதில் சொல்லுவோம்.

#பதில்சொல்வோம் #சமூகநீதி