அப்பா கேட்கும் புகை டீ

கேள்வி: "எங்களுக்குக் கோத்தகிரி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி, நண்பர் கொடுத்தார் என்று ஒரு சின்ன டப்பாவில் டீ கொண்டு வந்தான். திறந்தால் விறகடுப்புப் புகை வாசம். எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. 78 வயது அப்பா மட்டும், 'எங்கம்மா அடுப்படி வாசம்' என்று தினமும் கேட்டு வாங்கிக் குடித்தார். அது தீர்ந்துபோனது. அதே பெயர் போட்ட பாக்கெட்டை 600 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வரவழைத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? எங்கள் கொழுந்திலேயே செய்ய முடியாதா?"

- ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்.

பதில்: தேயிலை என்றால் இந்தப் பகுதிக்குக் கொப்புள நோய், செஞ்சிலந்தி, கொழுந்து விலை என்றுதான் கடிதம் வரும். டீயைக் குடிப்பது பற்றி ஒரு தேயிலை விவசாயி கேட்டிருப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷம், சகோதரி.

நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் புகை வாசம் என்பது குற்றம். டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பில் குழாய் ஓட்டையாகிப் புகை கசிந்தால், தரம் பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்து 'ஸ்மோக்கி' என்று ஒதுக்கிவிடுவார். அதே புகையை வேண்டுமென்றே ஏற்றி நல்ல விலைக்கு விற்கும் ஊரும் உண்டு. உங்கள் தம்பி கொண்டு வந்தது அநேகமாக 'லாப்சாங் சூசோங்' என்ற கறுப்பு டீயாக இருக்கும்.

அது சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தில் வூயி மலையில் உள்ள டோங்மு என்ற கிராமத்தின் சரக்கு. அங்கே பல தட்டு உள்ள மரக் கட்டடம் ஒன்றில் கீழே பைன் விறகை எரிப்பார்கள். மேல் தட்டுகளில் மூங்கில் பாய் விரித்துக் கொழுந்தைப் பரப்பி, அந்தச் சூட்டில் வாட்டுவார்கள். பிறகு உருட்டி, செம்பு நிறம் வரும்வரை வைத்திருந்து, மறுபடியும் பைன் புகையிலேயே உலர்த்துவார்கள். ஈரம் உள்ள இலை புகையை நன்றாக இழுத்துக்கொள்ளும். படை ஒன்று ஊருக்குள் வந்து தங்கியதால் கொழுந்து தேங்கிப்போய், அவசரத்துக்குப் பைன் நெருப்பில் காய வைத்ததில்தான் இந்த டீ பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்வோம்.

நல்ல சரக்கில் புகை முன்னால் நிற்காது. முதலில் ஒரு இனிப்பு வாசம், லிச்சிக்குச் சொந்தமான லோங்கன் பழத்தை உலர்த்தியது போல. அதன் பின்னால்தான் பைன் பிசினும் புகையும். உங்கள் அப்பாவுக்குப் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிற மாதிரி தூரத்துப் புகை.

அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அந்த மலையில் விளைந்ததல்ல என்பதுதான் சிக்கல். டோங்முவிலேயே 2005-ல் 'ஜின் ஜுன் மெய்' என்ற, மொட்டு மட்டும் கிள்ளிச் செய்யும் புகை போடாத டீ வந்தது. அதற்குக் கிடைத்த விலையைப் பார்த்தபின் புகை போடாத ரகங்கள் பக்கம் பலர் திரும்பிவிட்டார்கள். கடைக்கு வரும் புகை டீயில் பெரும்பகுதி வெளியூர்க் கொழுந்து, முற்றிய இலை. சிலவற்றில் விறகுப் புகையே கிடையாது, புகை எசென்ஸ்தான். நீங்கள் வாங்கிய 600 ரூபாய் பாக்கெட் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே இலையில் இரண்டு தடவை டீ போடுங்கள். முதல் தண்ணீரோடு புகை முழுவதும் போய், இரண்டாவதில் வெறும் சாயம் மட்டும் வந்தால் எசென்ஸ் என்று சந்தேகப்படலாம். கருவாடு, தார், மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் மட்டமான புகை. இலை முழுசாக, கறுத்து, சுருண்டு இருக்க வேண்டும். சாறு கலங்காமல் செம்பு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது எடுத்த எடுப்பில் கால் கிலோ வாங்காதீர்கள். 25 கிராம், 50 கிராம் தருகிற கடையாகப் பாருங்கள். எந்த ஊர்க் கொழுந்து, எந்த வருடம் பறித்தது, என்ன விறகு என்று கேளுங்கள். டீயை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் கடைக்காரர் இதற்குப் பதில் சொல்வார். பத்துப் பொருளோடு பதினொன்றாக விற்பவர் சொல்ல மாட்டார். பாக்கெட்டில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளடக்கத்தில் 'ஃபிளேவர்' என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆய்வக அறிக்கை உண்டா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். விறகு புகையும்போது ஆந்த்ராகுயினோன் என்ற பொருளும், வேறு சில தார்ப் பொருள்களும் இலையில் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் டீயில் ஆந்த்ராகுயினோனுக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதால், பழைய முறைப் புகை டீ அங்கே போவதே சிரமமாகிவிட்டது. தார்ப் பொருள்கள் தண்ணீரில் எளிதாகக் கரையாது, டம்ளரில் இறங்குவது கொஞ்சம்தான். ஆனாலும் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும் என்றுதான் சொல்வேன்.

அசாம், அருணாசலப் பிரதேசத்தில் வாழும் சிங்போ மக்களிடம் 'பாலாப்' என்று ஒன்று உண்டு. கொழுந்தை வாணலியில் வதக்கி, வெயிலில் காய வைத்து, மூங்கில் குழாயில் இறுக்கி அடைத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்க விடுவார்கள். வேண்டும்போது வெட்டி எடுத்து டீ போடுவார்கள். இது முழுக் கறுப்பு டீ அல்ல, சாறு மெலிதாக இருக்கும். ஆனால் நிஜமான வீட்டு அடுப்புப் புகை. அசாமில் திக்பாய், மார்கெரிட்டா பக்கம் அறிந்தவர் யாராவது இருந்தால் ஒரு குழாய் வரவழைத்துப் பாருங்கள். அப்பா சொன்ன 'அடுப்படி வாசம்' அதில்தான் இருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

உங்கள் கொழுந்தில் செய்ய முடியுமா? முடியும், ஆனால் முதல் தடவையே சரியாக வராது. நான் மலையில் வேலை பார்த்த காலத்தில் ஆசைப்பட்டு, கையில் கிடைத்த யூகலிப்டஸ் குச்சியில் புகை போட்டேன். என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, "சளி பிடிச்சா ஆவி பிடிக்கலாம், எடுத்து வைங்க" என்றார். தைல மரம் கூடவே கூடாது. பைன் வேண்டும் என்று வனத்துறைத் தோட்டத்தில் கை வைத்துவிடாதீர்கள், வழக்கு வரும். பழைய பார்சல் பெட்டிப் பலகை பைன்தானே என்றும் நினைக்க வேண்டாம். பெயின்ட், பிசின் இருக்கலாம். 'எம்.பி' என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை மருந்து போட்ட பலகை. சொந்த நிலத்தில் விழுந்து நன்றாகக் காய்ந்த, மருந்து படாத விறகு மட்டும்தான்.

மருந்து அடித்து, காத்திருப்பு நாள் முடிந்த செடியில் இரண்டு இலை ஒரு மொட்டாக அரைக் கிலோ கிள்ளுங்கள். ஒரு ராத்திரி நிழலில் வாட்டி, சாறு கசியும்வரை கையால் உருட்டி, ஈரத்துணி மூடி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். செம்பு நிறம் வந்ததும் மூங்கில் தட்டில் மெலிதாகப் பரப்பி, தணலுக்கு நன்றாக உயரத்தில் வையுங்கள். தீ எரியக் கூடாது, தணலாகவே கனிய வேண்டும். தீ எழும்பினால் கரி படிந்து கசக்கும். இலை விரலில் நொறுங்கும் பதம் வந்ததும் எடுத்துவிடுங்கள். இதை வீட்டுக்கு மட்டும் செய்யுங்கள். ஊட்டி வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாமே என்று தோன்றும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் ஆய்வக அறிக்கையும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நல்ல பாக்கெட் கிடைத்துவிட்டால் அதை நீட்டிக்க ஒரு வழி இருக்கிறது. 'ரஷ்யன் கேரவன்' என்ற பெயரில் வெளிநாட்டில் விற்கும் கலவையில் புகை டீ ஒரு பங்குதான், மற்றது சாதாரண டீ. நீங்களும் புகை டீ ஒரு பங்கு, நம் மலை ஆர்த்தடாக்ஸ் இலை மூன்று பங்கு என்று கலந்து பாருங்கள். 200 மில்லி கொதித்த தண்ணீருக்கு ஒரு ஸ்பூன், மூன்று நிமிடம், பால் வேண்டாம். அப்பாவுக்கு இனிப்பு பழக்கம் என்றால் நாட்டுச் சர்க்கரை கொஞ்சம். புகை டீயை மூடி இறுகிய தனி டப்பாவில் வையுங்கள். வீட்டு டீத்தூள் டப்பா பக்கத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் அதுவும் புகைய ஆரம்பித்துவிடும், வீட்டில் மற்றவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.