ஆம்பளைங்களுக்கு ஒரு ரூம். பிள்ளைங்க எல்லாம் எங்களோடவா?



கப்பலில் டூர் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் கப்பலைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் வீட்டுக்குள் அடித்த அலையை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மாமியார், அவருடைய மூன்று மகன்கள், மருமகள்கள் மூன்று பேர், பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார், அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள் ஏழு. ஆக 16 பேர். பிள்ளைகளில் மூத்தவனுக்கு 11 வயசு, கடைக்குட்டிக்குப் பத்து மாதம். பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம். திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், எங்களுக்கு லீவு என்றால் அது தீபாவளிதான். வேலைக்கு வருகிறவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், மெஷின் எல்லாம் நிற்கும், ஊரே வெறிச்சென்று இருக்கும். அந்த ஒரு வாரத்தில்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் முகம் தெரியும்.

இந்தத் தீபாவளிக்குக் கப்பல் என்று முடிவு செய்ததும் ஆண்கள்தான், ஏஜென்டைப் பார்த்ததும் அவர்கள்தான். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சமையல் இல்ல, பாத்திரம் இல்ல, ஜாலியா உக்காந்து சாப்பிடுங்க" என்றார்கள். எங்களுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. சமையல் இல்லாத நாலு நாள் என்றால் நான் கட்டுமரத்தில் கூடப் போவேன்!

முதலில் சென்னையிலிருந்து போகலாம் என்றுதான் பேச்சு. 2022 ஜூனில் அங்கிருந்து கார்டிலியா கப்பலை விட்டார்களே, பேப்பரில் படித்திருப்பீர்கள். 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. ஆனால் பாருங்கள், இரண்டு தடவையும் ஜூன் மாதம். நம் ஊரில் அப்போதுதான் பள்ளிக்கூடம் திறக்கிறது. யூனிஃபார்ம், நோட்டு, ஃபீஸ் என்று ஓடுகிற நேரத்தில் யார் கப்பல் ஏறுவது? மே மாதம் லீவு விட்டால் கம்பெனியை மூட முடியாது. தீபாவளிக்கோ வங்கக் கடலில் மழையும் புயலும் வருகிற காலம். ஆகவே கோவையிலிருந்து மும்பைக்கு விமானம், அங்கிருந்து மேற்குக் கடலில் கப்பல் என்று மாற்றினார்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் அரசாங்கக் கப்பலையும் விசாரித்தோம். அதற்கு பெர்மிட் வாங்க வேண்டும். அதைவிட, பல தீவுகளில் கப்பல் கரைக்குப் பக்கத்தில் வராதாம். நடுவிலேயே சின்னப் படகுக்கு மாறி இறங்க வேண்டும். முட்டிவலிக்காரரான அத்தையை நினைத்ததும் அதை விட்டுவிட்டோம்.

இங்கேதான் முதல் சண்டை. "அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. அவங்க வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றார் கொழுந்தனார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அத்தை கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர். பிசிர் வெட்டி வெட்டி விரல் காய்த்துப் போனவர். "ஷிப்மென்ட் இருக்கு, ராத்திரி நைட் பாக்கணும்" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாதாம். 1978-ல் இத்தாலிக்காரர் வந்து ஆர்டர் கொடுத்ததிலிருந்து இந்த ஊர் பனியன் எத்தனை ஆயிரம் பெட்டியில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறியிருக்கும்! அந்தப் பெட்டிக்குள் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த மனுஷி இதுவரை ஒரு கப்பலைப் பார்த்ததில்லை.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. "அத்தையைக் கூட்டிட்டுப் போலாமுங்க" என்று நான் பேசியதற்கு முதல் காரணம் என் மூணு வயசுப் பையன். அவனை அத்தையிடம் விட்டால் நான் கொஞ்சம் காலாற நடக்கலாம் என்ற கணக்குதான். என் ஓரகத்தி வாய்விட்டே சொன்னாள், "அத்தை வந்தா பிள்ளைங்களப் பாத்துக்குவாங்க." அத்தை ஒன்றும் பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் வந்தது ரூம் விவகாரம். கப்பலில் ரூமை கேபின் என்கிறார்கள். எங்களுக்கு நாலு பேர் படுக்கிற மாதிரி நாலு கேபின். ஏஜென்ட் கொண்டுவந்த பேப்பரில் பார்த்தால், ஆம்பளைங்க நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ரூம், அதுவும் கடல் பார்க்கிற பால்கனியோடு! மீதி மூன்று ரூமில் பெண்கள் ஐந்து பேர், பிள்ளைகள் ஏழு. "நாங்க சீட்டு கீட்டு ஆடுவோம், உங்களுக்குத் தூக்கம் கெடும்" என்று சமாதானம் வேறு.

அந்த ரூமில் கட்டில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டார்களா? பெரும்பாலான கப்பல்களில் மூணாவது, நாலாவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இழுத்துவிடுகிற மேல்படுக்கை. ஏணி வைத்து ஏற வேண்டும். மூணு வயசுப் பிள்ளையை அதில் போட முடியுமா? முட்டிவலிக்காரர் ஏறுவாரா? நாங்கள்தான் ஏற வேண்டும். ராத்திரி பிள்ளை அழுதால் இருட்டில் இறங்கி வர வேண்டும்.

இதுமட்டுமா? ஏஜென்ட் பெருமையாகச் சொன்ன குழந்தைகள் கிளப்பில் பெரும்பாலும் மூணு வயசுக்கு மேல்தான் சேர்ப்பார்களாம், அதுவும் டாய்லெட் பழகியிருக்க வேண்டும். டயபர் போட்ட குழந்தையை நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றுவதே இல்லை, சிலதில் ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, கரண்ட் அடுப்பு எதையும் உள்ளே விடமாட்டார்கள். அப்போ ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் கலக்க வெந்நீர்? ஃபிளாஸ்க் கொண்டுபோய் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். இவ்வளவும் நாத்தனாரும் நானும் ஃபோன் போட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஆண்கள் விசாரித்தது கட்டணத்தையும், இரவு நிகழ்ச்சியையும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்து எல்லோரும் வேன் வைத்துக் கன்னியாகுமரி போனோம். கப்பலுக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்பது என் யோசனை. விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என் பையன் அதைப் பார்த்ததும் போட்ட கூச்சல் இருக்கிறதே! அவனைப் பிடிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. நாத்தனார் மகளுக்கு அந்தச் சின்னப் பயணத்திலேயே குமட்டல். அத்தை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து தண்ணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாறையில் இறங்கியதும், "ஏங்கண்ணு, நாம அனுப்புன பொட்டியெல்லாம் இந்தத் தண்ணி மேலதான் போச்சா?" என்றார். கொழுந்தனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்த மறுநாள் ரூம் பேப்பரை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். "ஏங்க, 2012-ல இத்தாலி பக்கம் கோஸ்டா கன்கார்டியான்னு ஒரு கப்பல் பாறையில மோதி 32 பேர் செத்தாங்க, ஞாபகம் இருக்கா? அதுவும் ராத்திரிதான்" என்றேன். அதற்குப் பிறகுதான், ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது என்ற பயிற்சியைக் கப்பல் புறப்படும் நேரத்திலேயே எல்லாப் பயணிகளுக்கும் நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். "ராத்திரி அபாயச் சங்கு ஊதினா, ஏழு பிள்ளைக்கும் ஜாக்கெட் மாட்டறது யாரு? ஒருத்தி கையில கைக்குழந்தை. அத்தையால நடக்க முடியாது. மீதி மூணு பேர் ஆறு பிள்ளையையும் அத்தையையும் இழுத்துட்டுப் படி ஏறணும். நீங்க நாலு பேரும் பால்கனியில இருந்து எங்களைத் தேடி வருவீங்களா?"

அவர் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பேனாவை எடுத்து அவரே பேப்பரில் கோடு போட்டார்.

இப்போது அவரவர் குடும்பம் அவரவர் ரூமில். நாத்தனார் ரூமில் அத்தைக்குக் கீழ்ப்படுக்கை, அந்த ரூமுக்குத்தான் பால்கனி. ரூம் எல்லாம் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்துப் பக்கமாகக் கேட்டிருக்கிறோம். அங்கேதான் ஆட்டம் குறைவாம். பால்கனி ரூம் மட்டும் மேலே வரும், லிஃப்ட் பக்கத்தில் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை நாமாகக் கொடுக்கக்கூடாது, டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பதும் முடிவாகியிருக்கிறது. இன்னொன்று: ஒருநாள் சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகள் ஏழும் அப்பாக்கள் பொறுப்பு. அத்தையிடம் யாரும் எந்தப் பிள்ளையையும் கொடுக்கக்கூடாது, அவராகக் கேட்டாலொழிய. இதற்குக் கொழுந்தனார் இன்னும் தலையாட்டவில்லை. "அப்ப எதுக்குக் கப்பலு, வீட்லயே இருக்கலாமே" என்கிறார். எங்களுக்கும் இத்தனை நாளாக அதே கேள்விதானே!

கும்பலாகக் குடும்பம் நடத்துகிற சகோதரிகளே, உங்கள் வீட்டில் டூர் பேச்சு வந்தால் ரூம் பேப்பரை நீங்கள் முதலில் வாங்கிப் பாருங்கள். கப்பலில் போய் வந்தவர்கள் இருந்தால் ஒன்று எழுதுங்கள்: கைக்குழந்தைக்கு ரூமில் தொட்டில் கேட்டால் தருகிறார்களா, அல்லது சேலையில் தூளி கட்டத்தான் இடம் உண்டா? என் ஓரகத்தி தினமும் கேட்கிறாள்.

— ஒரு வாசகி, திருப்பூர்.