பஞ்சுப் பொம்மையின் பயணம்

பொம்மை என்பது விளையாடுவதற்கு உரியது. பழையதானால் மூலையில் கிடப்பது. கிழிந்து போனால் குப்பைக்குச் செல்வது. நம்மில் பலருடைய எண்ணம் இதுவே. ஆயினும், பஞ்சடைத்த கரடிப் பொம்மைகளும் முயல் பொம்மைகளும் தம் உரிமையாளருடன் விமானம் ஏறி, நாடு நாடாகச் சுற்றி வருவதை இன்று காண்கிறோம். உயர்ந்த கோபுரத்தின் முன்னும் பனி மலையின் மேலும் பொம்மை அமர்ந்திருக்கும் படங்களை நம் மாணவர்களும் கைப்பேசியில் பார்த்திருப்பர். "இது வசதி படைத்தோரின் வேடிக்கை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆவது நிறைய உண்டு என்பதே எம் கருத்து.

ஜப்பான் நாட்டின் தோக்கியோ நகரில் 2010ஆம் ஆண்டில் ஒரு பயண நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பயணிகள் மனிதர் அல்லர், பஞ்சுப் பொம்மைகளே. உரிமையாளர்கள் தம் பொம்மையை அஞ்சலில் அனுப்பி வைப்பர். நிறுவனத்தார் அதனை ஊர் சுற்றிக் காட்டி, படம் பிடித்து, பின்னர் பத்திரமாகத் திருப்பி அனுப்புவர். கேட்டவுடன் சிரிப்பு வரலாம். ஆனால், அவ்வாறு அனுப்புவோருள் நோயாலும் உடற்குறையாலும் வீட்டை விட்டு வெளியேற இயலாதவரும் உளர் என்று அறியும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. தாம் செல்ல இயலாத இடத்திற்குத் தமக்காக ஒரு பொம்மை சென்று வருகிறது.

இந்தியாவிலும் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் பிள்ளை அவர்கள் குழந்தைகளுக்காக அனைத்துலகப் போட்டிகளை நடத்தி வந்தார். 1950களில் ஹங்கேரி நாட்டுத் தூதர், அப்போட்டிக்குப் பரிசாக வழங்குமாறு ஒரு பொம்மையை அவரிடம் கொடுத்தார். அதன் அழகு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பிரதமர் நேருவுடன் வெளிநாடு செல்லும் செய்தியாளர் குழுவில் அவர் சென்ற போதெல்லாம் அந்தந்த நாட்டுப் பொம்மைகளை வாங்கி வந்தார். அவற்றை ஊர் ஊராகக் கொண்டு சென்று குழந்தைகளுக்குக் காட்டினார். பின்னர் 1965இல் புதுடில்லியில் அப்பொம்மைகளுக்கென்றே ஒரு காட்சியகம் எழுந்தது. ஹங்கேரிக்குப் போக வழியற்ற ஏழைப் பிள்ளையும் ஹங்கேரியைக் கண்ணாரக் கண்டது.

பொம்மை நாடுகளையும் இணைக்க வல்லது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடிநுழைவுச் சட்டம் ஜப்பானியர் அங்குக் குடியேறுவதைத் தடுத்தது. இரு நாட்டாருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த சிட்னி குலிக் என்னும் சமயப் போதகர், பெரியவர்களின் பகையைப் பிள்ளைகளைக் கொண்டு தணிக்க எண்ணினார். அவருடைய முயற்சியால் 1927இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து ஜப்பானியப் பள்ளிகளுக்குக் கப்பலேறின. ஒவ்வொரு பொம்மையும் தனக்கென ஒரு கடப்பிதழும் ஒரு கடிதமும் கொண்டு சென்றது. ஜப்பானியப் பிள்ளைகளும் சிறுகாசு சேர்த்து 58 அழகிய பொம்மைகளை அதே ஆண்டில் அனுப்பி வைத்தனர்.

பின்னர்ப் போர் மூண்டது. பகைவர் நாட்டுப் பொம்மைகள் என்று கூறி அவற்றை எரித்தனர், சிதைத்தனர். ஆனால், ஆசிரியர் சிலர் அவற்றை அழிக்க மனமின்றி மறைத்து வைத்துக் காத்தனர். அவ்வாறு தப்பிய பொம்மைகளுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. விருந்தாக வந்ததை வெட்டி எறியலாகாது என்று எண்ணிய அந்த ஆசிரியர்களை, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

பயணம் போகும் பொம்மை விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டுமோ? வேண்டியதில்லை. 1964இல் ஜெஃப் பிரவுன் என்பவர் எழுதிய கதையில், தட்டையாகிப்போன ஒரு சிறுவன் கடித உறைக்குள் புகுந்து பயணம் செய்கிறான். அக்கதையைக் கொண்டு டேல் ஹியூபர்ட் என்னும் கனடா நாட்டு ஆசிரியர் 1995இல் ஒரு திட்டம் வகுத்தார். மாணவர் தாளில் ஒரு சிறுவனை வரைந்து வெட்டி, வேற்றூர்ப் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்புவர். பெற்றவர் அவனை விருந்தினனாக ஏற்று, அவன் கண்டதையெல்லாம் எழுதித் திருப்பி அனுப்புவர். ஆன செலவு ஒரு தாளும் ஓர் அஞ்சல் தலையுமே!

இனி, நம் சுங்காய் வட்டாரத்திற்கு வருவோம். பள்ளி விடுமுறை முடிந்தவுடன், "விடுமுறையில் நான் சென்று வந்த இடம்" என்று கட்டுரை எழுதச் சொல்வது பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். லங்காவிக்கும் கேமரன் மலைக்கும் போய் வந்த பிள்ளைகள் மளமளவென்று எழுதுவர். தந்தை செம்பனைக் குலை வெட்டப் போக, தாய் உதிரிப் பழம் பொறுக்கப் போக, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்த பிள்ளை என்ன எழுதும்? ஒன்று, காணாத கடலைக் கண்டதாகப் பொய் எழுதும். அன்றி, வெறும் தாளைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும். எழுதத் தெரியாததால் அன்று. தன் வீடு எழுதத் தக்க இடமன்று என்று அது நம்பிவிட்டதால்!

இந்த நம்பிக்கையை உடைக்கவே நமக்கு ஒரு பஞ்சுப் பொம்மை தேவைப்படுகிறது. வகுப்புக்கு ஒன்றாகத் தாய்மார்களே தைத்துத் தரட்டும். பழைய சேலைத் துணியும் இலவம்பஞ்சும் போதும். அதனுடன் ஒரு குறிப்பேடு. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் பொம்மை ஒரு மாணவர் வீட்டுக்குச் செல்லும். திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் திரும்பும். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் முன்னோர் சொன்ன கணக்கும் சரியாக அமைகிறது. பொம்மை அங்கே கண்டதையும் கேட்டதையும் அம்மாணவர் தமிழில் எழுதி, வகுப்பின் முன் படிக்க வேண்டும்.

இதில் இரண்டு விதிகளை நாம் வற்புறுத்துவோம். முதலாவது, பொம்மை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லார் வீட்டுக்கும் செல்ல வேண்டும். நன்றாகப் படிப்பவருக்குப் பரிசாகவும் குறும்பு செய்பவருக்கு மறுப்பாகவும் அதனை ஆக்கலாகாது. இரண்டாவது, குறிப்பேட்டில் கைப்பேசிப் படங்கள் ஒட்டலாகாது. கையால் வரைந்த படங்களே வேண்டும். நல்ல கைப்பேசி உள்ள வீடு, இல்லாத வீடு என்னும் வேற்றுமை அந்த ஏட்டில் நுழைதல் கூடாது. லங்காவிக்குப் போகும் குடும்பத்தோடு பொம்மையும் போகட்டும், தடையில்லை. ஆனால், லயன் வீட்டில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்த கதைக்கும் அதே அளவு பக்கம் உண்டு.

"தேர்வுக்கு இது உதவுமா?" என்று சிலர் வினவுவர். ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனாலும் எழுத்துப் போகலாமா? தன் கண்ணால் கண்டதைத் தன் சொல்லால் எழுதப் பழகிய பிள்ளை எந்தத் தேர்வுக்கும் அஞ்சாது.

மேலும் ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இந்த மண்ணில் பால்மரம் சீவியவர்கள் நம் முன்னோர். அவர்கள் கண்ட கடலையும் காட்டையும் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்களில் லயன்கள் வெறிச்சோடிவிட்டன. விடியற்காலைப் பிரட்டு எப்படி நடந்தது, பால் வாளியை எப்படித் தூக்கினார்கள் என்று சொல்லக் கூடிய பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். "பாட்டி, இந்தப் பொம்மைக்குச் சொல்லுங்கள்" என்று பேரப்பிள்ளை கேட்டால், எவரிடமும் சொல்லாததையும் அவர்கள் சொல்லக் கூடும். பாட நூலில் இல்லாத அந்த வரலாறு பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தில் நிலைபெறும்.

ஆகவே, பெற்றோர்களே! பொம்மை உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அதற்கென்று எதையும் வாங்க வேண்டா. வீட்டின் எளிமை கருதி வெட்கப்படவும் வேண்டா. வேலை முடிந்து வந்தபின் சிறிது நேரம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அன்று நடந்ததைச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே! உலகைச் சுற்றிய பொம்மைகள் பல உண்டு. அவற்றுள் எதுவும் இன்னும் உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உங்கள் வீட்டை உலகுக்கு எழுதிக் காட்ட உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. எழுதுங்கள்!