போதும் என்று சொல்லும் புரதம்

அடுப்பில் பால் பொங்கி வருகிறது. என்ன செய்வீர்கள்? 'எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும்' என்று பாட்டி சொல்வாளே, அதைத்தான் செய்வீர்கள். நம் உடம்புக்குள்ளும் அப்படிக் கொள்ளியை இழுக்கும் கை ஒன்று உண்டு, தெரியுமோ?

கிருமிகளோடு சண்டை போட ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருப்பது நீங்கள் அறிந்த விஷயம். ஆனால் சண்டை போட்டால் மட்டும் போதுமா? "போதும், நிறுத்து" என்று சொல்லவும் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவை சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கிவிடும்.

1949-ல் அமெரிக்காவில், ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில், சில ஆண் சுண்டெலிகள் செதில் செதிலான தோலோடு காணப்பட்டன. மண்ணீரல் வீங்கி, சில வாரங்களிலேயே அவை மாண்டன. காரணம் வெகுகாலம் புலப்படவில்லை. பிறகு மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்ற இருவர், சந்தேகத்துக்குரிய ஜீன்களை இருபதாகக் குறைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். குற்றவாளி இருபதாவது! தொலைந்த திருகாணி கடைசி டப்பாவில்தானே அகப்படும்?

2001-ல் வெளியான அந்த ஜீனின் பெயர் ஃபாக்ஸ்-பி-3. அது உண்டாக்கும் புரதம், சில வெள்ளை அணுக்களுக்குள் உட்கார்ந்து, சண்டையைத் தூண்டும் ஜீன்களின் வாயை அடைக்கிறது. அந்த அணுக்கள் மற்ற அணுக்களை அடக்குகின்றன. இத்தகைய அணுக்களை ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-லேயே கண்டிருந்தார். மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது எலியோடு நிற்கும் கதையல்ல. இதே ஜீன் பழுதானால், கைக்குழந்தைக்கு நிற்காத பேதி, தோல் கரப்பான், நீரிழிவு எல்லாம் சேர்ந்து வருவதுண்டு. மிக அபூர்வமான வியாதி. தாய்க்கு அந்த ஜீன் இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். ஆண் குழந்தைக்கோ ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே, "உன் பாலில் தோஷம்" என்று எந்தத் தாயையாவது யாரேனும் ஏசினால் நம்பாதீர்கள், சகோதரிகளே! அவள் தின்றதாலோ செய்ததாலோ வந்ததல்ல இது. தாய் வழியில் ஆண் சிசுக்கள் தவறியிருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஜீனைப் பார்த்துவிடலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் பிழைத்த குழந்தைகளும் உண்டு.

வெட்கப்பட்டு வாயை மூடினால் நஷ்டம் குழந்தைக்கு அல்லவா?