எந்த வினா கற்பிக்கும்?

"இவ்வாண்டு எந்த வினா வரும்?" க. பொ. த. உயர்தரப் பரீட்சை நெருங்குங் காலத்தில் மாணவரிடையே ஓயாது ஒலிக்கும் கேள்வி இதுவாகும். தனியார் போதனா நிலையங்கள் பல இதற்கு விடை கூறியே பெயர் பெறுகின்றன. எந்த வினா வரும் என ஊகிப்போர் பலர். எந்த வினா கற்பிக்கும் என ஆராய்வோர் மிகச் சிலர்.

பயிற்சி வினாவின் பயனை மதிப்பிட வழக்கிலுள்ள அளவுகோல், மாணவன் அதனை இலகுவாகச் செய்தானா என்பதே. ஓர் அலகு முடிந்ததும் அதற்குரிய கணக்குகள் பத்துத் தரப்படுகின்றன. முதலிரண்டில் தடுமாறியவன் எஞ்சியவற்றை விரைந்து முடிக்கின்றான். ஆசிரியர் மகிழ்கின்றார், மாணவனும் கற்றுவிட்டதாக நம்புகின்றான். இந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்யானது.

தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் றோறர், ரெயிலர் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் துலக்குகின்றது. நால்வகைத் திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை ஒரு குழுவினர் வகைவகையாகவும் மற்றைக் குழுவினர் கலந்தும் செய்தனர். பயிற்சியில் முன்னையோர் 89 வீதமும் பின்னையோர் 60 வீதமும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்தின் பின் நடந்த சோதனையிலோ முன்னையோர் 20 வீதமே பெற்றனர். பின்னையோர் 63 வீதம் பெற்றனர். பயிற்சியின் வெற்றியைக் கொண்டு கற்றலை எதிர்வுகூறியிருப்பின், முடிவு தலைகீழாகியிருக்கும்.

காரணம் வெளிப்படை. வகைப்படுத்திய பயிற்சியில் எச்சூத்திரம் பொருந்தும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகின்றது. தெரிவு செய்யும் ஆற்றலை மாணவன் பயில்வதேயில்லை.

பரீட்சையே வாழ்வைத் தீர்மானிக்கும் நாட்டில் ஊகித்துப் படிப்பதில் தவறென்ன எனச் சிலர் வினவுவர். பரீட்சை மண்டபத்தில் எந்தக் கணக்குக்கு எந்த வழி என எவரும் சொல்லித் தருவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஊகம் பொய்த்தவிடத்து மனனஞ் செய்தவனிடம் எஞ்சுவது யாது?

கடினமானவை யாவும் நல்லவை என்பதன்று. அடிப்படை அறியாதவனுக்குக் கடின வினா சோர்வையே தரும். திருத்தப்படாத பிழை நிலைபெற்றுவிடும். ஆயினும், வினாவொன்றின் தகுதி அது செய்யப்பட்ட நாளிலன்றி, வாரங்கள் கழிந்தபின் புதிய வினாவுக்கு மாணவன் தரும் விடையிலேயே அளக்கப்படல் வேண்டும்.

இவ்வளவுகோலைப் பல்கலைக்கழகங்களே முதலிற் கைக்கொள்ளல் வேண்டும். பழைய வினாத்தாள்களைக் கைமாற்றிப் பட்டம் பெறுவோர் நாளை ஆசிரியராவர். அவர்களும் அந்த ஊகத்தையே விற்பர்.